அபர்கவென்னியில் வீடு வாங்கலாமா?

கேள்வி:
வேல்ஸில், நியூபோர்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு அபர்கவென்னியில் வேலை, கணவருக்குக் கார்டிஃபில். அபர்கவென்னி வீட்டு விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அவ்வளவு கொடுக்கத் தகுந்த ஊரா?

பதில்:
ஒன்பது வருடமாக இங்கே குடியிருக்கிறேன், சகோதரி. 2018 டிசம்பரில், இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்துச் சுங்கத்தை எடுத்ததும் அந்தக் கரையிலுள்ள பிரிஸ்டல்காரர்கள் இந்தப் பக்கம் படையெடுத்தார்கள். அந்தச் சூடு இன்னும் தணியவில்லை. இன்னொன்று, வேல்ஸில் 225,000 பவுண்டு வரை வீட்டுக்குப் பத்திர வரி இல்லை. அதற்கு மேல் போனால், முதல் வீடு என்று இங்கிலாந்தில் தரும் சலுகை இங்கே கிடையாது.

பழைய கல் வீட்டில் மயங்கிவிடாதீர்கள். முதல் குளிர்காலத்தில் அலமாரிக்குள் இருந்த என் தோல் செருப்பு பச்சைப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. பார்க்கப் போகும்போது அலமாரியை நகர்த்திச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மற்றபடி, செவ்வாய்க்கிழமை பச்சைக் கோபுரச் சந்தைக் கூடத்தில் முட்டையும் லீக் கட்டும் வாங்கிக்கொண்டு, புளோரெஞ்ச் மலையில் மேகம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். இறங்கினால் துணி காயாது. கறிவேப்பிலைக்குத்தான் நியூபோர்ட் ரயில் ஏற வேண்டும்.

வேறொருவர்:
குழந்தைகள் உண்டா? இங்கே இருந்த அவசர சிகிச்சைப் பிரிவு 2020இல் கும்ப்ரான் ஊருக்குப் போய்விட்டது. இரவில் கார் இல்லாமல் சிரமம்.

கேட்டவர்:
கார் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு வீடு பார்க்கிறோம். அலமாரியை நகர்த்தக் கணவரையும் அழைத்து வருகிறேன்!