சுதந்திர தேவி சிலை ப்ராஜெக்ட்: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். மகள் இரண்டாம் வகுப்பு. அமெரிக்க தேசியச் சின்னம் ஒன்றைப் பற்றி ஏதாவது செய்து காட்டிப் பேச வேண்டுமாம். வகுப்பில் பாதிப் பேர் வெண்தலைக் கழுகை எடுத்துவிட்டார்கள். (1782 முதலே அரசு முத்திரையில் இருந்தாலும், சட்டப்படி அது தேசியப் பறவை ஆனது 2024 டிசம்பரில்தான்!) இவள் பிடித்துக்கொண்டது சுதந்திர தேவி சிலையை. கிரீடத்தின் ஏழு கதிர்களை அட்டையில் வெட்டியாயிற்று.

1886-இல் நியூயார்க் துறைமுகத்தில் திறந்தபோது சிலை புதுச் செப்புக் குடத்தின் நிறத்தில்தான் இருந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டுப் பட்டுத்தான் பச்சை பிடித்தது. தகட்டின் தடிமன் வெறும் 2.4 மில்லிமீட்டர், அந்தப் பச்சைப் படலமே அதை மேலும் அரிக்காமல் காக்கிறது. இதை ஒரு சென்ட் நாணயத்தில் காட்டலாம் என்று நினைக்கிறேன். வினிகரில் உப்பு கலந்து, டிஷ்யூவை நனைத்து, அதன்மேல் வைத்துவிட வேண்டும். யாராவது செய்திருக்கிறீர்களா? ராத்திரி வைத்தால் காலைக்குள் பச்சை ஏறிவிடுமா? 1982-க்கு முந்தைய நாணயம் பெரும்பாலும் செம்பு, பிந்தையது துத்தநாகத்தின்மேல் செப்புப் பூச்சு. எது சரிப்படும்?

அப்புறம் இன்னொன்று. பள்ளியில் தினமும் காலையில் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் அமெரிக்கக் கொடி உறுதிமொழி. கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-லேயே சொல்லிவிட்டது, சரி. நாங்கள் இன்னும் இந்தியக் குடிமக்கள்தான். ஆசிரியரிடம் பேசலாமா, பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடலாமா? உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமை. நாணய விஷயத்துக்கு முதலில் பதில் போட்டால் புண்ணியமாகப் போகும்.