ராத்திரி கரண்ட் போனால் முக்கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் படுத்துவிடுகிறது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா?

தோப்புவீட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைக்கு ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் கிராமம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பதினேழு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதற்குப் பிறகுதான் அம்மா பிடிவாதமாக நின்று இன்வெர்ட்டர் வாங்க வைத்தார். முதல் பேட்டரி ஐந்து வருடம் உழைத்தது. இப்போது இருப்பது இரண்டாவது, வாங்கி இரண்டேகால் வருடம் ஆகிறது.

இன்வெர்ட்டர் 900 வி.ஏ. (திறன்), பேட்டரி 150 ஏ.எச். (கொள்ளளவு), தண்ணீர் ஊற்றும் டியூபுலர் வகை. அதில் ஓடுவது மூன்று ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, டிவி, வைஃபை பெட்டி. பிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் எதுவும் அதில் இல்லை.

பிரச்சினை இதுதான். மூன்று மாதமாக ராத்திரி ஒன்பது மணிவாக்கில் கரண்ட் போனால் முக்கால் மணி நேரத்தில் கத்த ஆரம்பித்து அணைந்துவிடுகிறது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்துகிறார்களே, அன்றைக்கு மதியம் ஒரு மணி வரை இழுக்கிறது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘ஒரு செல் போயிருச்சு சார், மாத்திடுங்க’ என்றார். பழையதை எடுத்துக்கொண்டு மேலே 12,000 கேட்கிறார்.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் ‘டிக்... டிக்’ என்று சத்தம் போடுகிறது. அந்த நேரத்தில் அடுப்படி ட்யூப்லைட் மங்கலாக எரிகிறது, ஹால் பல்பு மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

அம்மா இன்சுலின் போடுபவர். மருந்து பிரிட்ஜில்தான் இருக்கிறது. அதனால்தான் ராத்திரி மின்தடை என்றாலே வீட்டில் பதற்றம்.

வெயில்காசு

பேட்டரி போய்விட்டது, வேறென்ன. லித்தியம் பேட்டரிக்கு மாறுங்கள் சகோ. தண்ணீர் ஊற்றும் தொல்லையும் இல்லை.

முன்னாள் ஒயர்மேன்

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். லித்தியம் போட்டாலும் உங்கள் வீட்டில் இதே கதைதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் காகிதத்தில் 1,800 வாட் மணி. அதை முழுக்க உறிஞ்ச முடியாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கைக்கு 1,200 முதல் 1,300 வரை வரும். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், மூன்றுக்கு 225. பல்பு, டிவி, வைஃபை சேர்த்து இன்னொரு நூறு. ஆக, எல்லாவற்றையும் ஓட விட்டால் நான்கு மணி நேரம் வர வேண்டும். பகலில் உங்களுக்குச் சரியாக அதுதான் வருகிறது. செல் செத்த பேட்டரிக்குப் பகல் ராத்திரி தெரியாது, எப்போதுமே காலை வாரும். உங்களுடையது ராத்திரியில் மட்டும் வாருகிறது. அப்படியென்றால் கரண்ட் போவதற்கு முன்பே அதை யாரோ காலி செய்கிறார்கள்.

நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரியில் தண்ணீர் அளவைக் காட்டும் ஆறு மிதவைகளும் எங்கே நிற்கின்றன? இன்வெர்ட்டருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கிறது? ‘டிக்’ சத்தம் வரும்போது முன்பக்கம் எந்த விளக்கு எரிகிறது? கடைசியாக, ராத்திரி ஏழரைக்கு அடுப்படி பிளக்கில் எத்தனை வோல்ட்? மீட்டர் இல்லையென்றால் பிளக்கில் செருகிப் பார்க்கும் வோல்ட்மீட்டர் கடைகளில் கிடைக்கும், பெரிய விலை இல்லை.

ஊர்க்குருவி

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் முதலில் எல்லோரும் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்ப்போம். போயிருந்தால் ஒரு நிம்மதி. அதற்கு இன்வெர்ட்டர் கண்டுபிடிக்க முடியாது. :)

தோப்புவீட்டுக்காரன்

ஐயா, நீங்கள் கேட்டதையெல்லாம் பார்த்துவிட்டேன். மிதவைகள் ஆறும் பச்சையில், ஒரே அளவில் நிற்கின்றன. சுவிட்ச் ‘யு.பி.எஸ்.’ பக்கம் இருக்கிறது. யார் மாற்றியது என்று விசாரித்தால், மூன்று மாதம் முன்பு வேலையோடு வந்து தங்கியிருந்த அக்கா மகன். ‘கம்ப்யூட்டர் அணையாம இருக்க மாத்துனேன் மாமா’ என்கிறான். ஏழரைக்கு அடுப்படியில் 171. அப்போது கரண்ட் இருக்கிறது, ஆனால் இன்வெர்ட்டரில் பேட்டரியில் ஓடுவதற்கான சிவப்பு விளக்கு! ‘டிக்’ என்றால் பச்சை, மறுபடி ‘டிக்’ என்றால் சிவப்பு.

முன்னாள் ஒயர்மேன்

பிடித்துவிட்டோம்.

யு.பி.எஸ். பக்கம் வைத்தால் இன்வெர்ட்டர் கறாராகிவிடும். ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனால், ‘இது கரண்டே இல்லை’ என்று முடிவு கட்டிப் பேட்டரிக்குத் தாவும். கம்ப்யூட்டருக்கு அது நல்லது. ஃபேன், பல்பு வீட்டுக்குத் தேவையில்லை. இன்னொரு பக்கம் தள்ளினால் நூறு, நூற்றுப்பத்து வோல்ட் வரைக்கும் லைனையே பிடித்துக்கொண்டிருக்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள்.

உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் விழுகிறது, வீடு பேட்டரிக்குப் போகிறது. லோடு இறங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, உடனே இன்வெர்ட்டர் லைனுக்குத் திரும்புகிறது. வந்ததும் ஃபேன் லோடும் சார்ஜிங் லோடும் சேர்ந்து மறுபடி அமுக்குகின்றன. அதுதான் அந்த ‘டிக் டிக்’. ஆறிலிருந்து ஒன்பது வரை பெரும்பாலும் பேட்டரிதான் வீட்டைச் சுமக்கிறது. நான்கு மணி நேரச் சரக்கில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அப்போதே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் முக்கால் மணி. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், பகலில் வந்து பார்த்தால் இது தெரியாது. ஆனால் ‘செல் போச்சு’ என்று எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தாரா?

சுவிட்சை மாற்றுங்கள். ஆனால் அதோடு விடாதீர்கள். 171 என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டு லைனில் 230-க்கு ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம், அதுதான் விதி. அதாவது 216-க்குக் கீழே போகக் கூடாது. டிரான்ஸ்பார்மரே அமுங்குகிறதா, உங்கள் வீட்டு லைன் மட்டும் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு இஸ்திரிப்பெட்டி போதும். பகலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். பிறகு 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை மட்டும் வேறொரு பிளக்கில் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்து வீட்டிலும் இதையே செய்யச் சொல்லுங்கள்.

யாழ் கூடல்

இஞ்ச யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சொல். 2022 மார்ச் கடைசியில எங்களுக்கு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டீசலும் இல்லை. என்ர அம்மாவும் இன்சுலின்தான். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும், திறந்து திறந்து பார்க்கிறதுதான் பிழை. அதுக்குமேல போனால் மண்சட்டிதான். பெரிய சட்டியில ஈர மணல், அதுக்குள்ள சின்னச் சட்டி, அதுக்குள்ள மருந்து, மேல ஈரத்துணி. மருந்து நனையாமல் பொலித்தீன் பையில கட்டி வையுங்கோ. ஐஸ் கட்டிக்கு நேர மேல வைக்கவே வேண்டாம், இன்சுலின் உறைஞ்சால் பிறகு எறியத்தான் வேணும்.

பாவிக்கத் தொடங்கின பேனா வெக்கையில்லாத இடத்தில வெளியில இருக்கலாம். அனேகமானதுக்கு நாலு கிழமை எண்டு சொல்லுவினம், ஆனால் உங்கட மருந்துக்கு எத்தனை நாள், எத்தனை பாகை எண்டு பெட்டிக்குள்ள இருக்கிற தாளில பாருங்கோ. திறக்காத மிச்சத்துக்குத்தான் குளிர் வேணும்.

2025 பெப்ரவரியில பாணந்துறை துணை மின்நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. குரங்கை நம்பி மருந்து வைக்கேலாது கண்டியளே.

தோப்புவீட்டுக்காரன்

நன்றி அக்கா. மண்சட்டி இன்றைக்கே தயார் செய்கிறேன். (அண்ணன் என்றால் மன்னிக்கவும்.)

ஐயா, சுவிட்சை மாற்றியாயிற்று. நேற்று ராத்திரி ‘டிக்’ சத்தமே இல்லை. ஃபேன் மட்டும் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றியது. இஸ்திரிப்பெட்டிக் கணக்கு இதோ: எங்கள் வீட்டில் சும்மா இருக்கும்போது 224, பெட்டியைப் போட்டதும் 189. பக்கத்துச் சித்தப்பா வீட்டில் 224, போட்ட பிறகு 221. சித்தப்பாவுக்கும் எங்களுக்கும் ஒரே கம்பம்.

முன்னாள் ஒயர்மேன்

தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு இஸ்திரிப்பெட்டி ஊர் டிரான்ஸ்பார்மரை 35 வோல்ட் அமுக்க முடியாது. சித்தப்பா வீட்டில் அமுங்கவும் இல்லை. அப்படியென்றால் கம்பத்துக்கும் உங்கள் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது அரித்துப்போயிருக்கிறது. காணாமல் போன 35 வோல்ட் எங்கேயும் ஓடிப்போகவில்லை, அந்த இணைப்பில் சூடாகிக்கொண்டிருக்கிறது. நூறு வாட் குண்டு பல்பை ஒரு ஒயர் முடிச்சுக்குள் வைத்துக் கட்டியது மாதிரி. இது பேட்டரிப் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கிற பிரச்சினை.

கடற்காற்று அடிக்கிற ஊரில் இது சகஜம். கம்பத்திலிருந்து வருவது அலுமினியம், வீட்டுக்குள் செம்பு. இரண்டையும் நேராக முறுக்கி டேப் சுற்றிவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் அதற்கென்றே உள்ள இணைப்பி போட வேண்டும்.

நீங்கள் ஏணி போட்டு ஏறாதீர்கள். மெயினை அணைத்தாலும் அந்த இடத்தில் கரண்ட் இருக்கும். மீட்டரின் சீலையும் தொடக் கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள், பிரிவு அலுவலகத்திலும் நேரில் சொல்லுங்கள். ‘லோ வோல்டேஜ்’ என்று மட்டும் சொன்னால் ஊரே சொல்கிற புகாரோடு சேர்ந்துவிடும். ‘சர்வீஸ் ஒயர் இணைப்பு சூடாகிறது, ஒரு பெட்டிக்கு 35 வோல்ட் விழுகிறது’ என்று சொல்லுங்கள். அதுவரை கிரைண்டரும் இஸ்திரியும் வேண்டாம்.

நெல்லை மல்லிகா

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இதற்குத் தலைகீழ். போன வாரம் திடீரென்று ஒரு பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து புகைந்தது. மிக்சி ஓடிய அறையில் விளக்கு மங்கியது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

முன்னாள் ஒயர்மேன்

விடவே கூடாதம்மா. மூன்று பேஸ் வீடுதானே? ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் கொதித்தால் நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான ஒயர், அறுந்திருக்கிறது அல்லது ஆடுகிறது. அப்போது ஒரு பேஸில் 400 வோல்ட்டை நெருங்கக்கூட வாய்ப்புண்டு. பிரிட்ஜ், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் போகும். அடுத்த முறை யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டுப் புகார் செய்யுங்கள். இப்போதே செய்தால் இன்னும் நல்லது.

தோப்புவீட்டுக்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

புகார் கொடுத்த இரண்டாம் நாள் வந்தார்கள். கம்பத்தில் கோளாறு இல்லை. எங்கள் வீட்டு முகப்பில், ஓட்டுக்குக் கீழே சர்வீஸ் ஒயர் இறங்கும் இடத்தில்தான். நான்கு வருடம் முன்பு சுவருக்கு வெள்ளையடித்தபோது ஒயர் இடைஞ்சலாக இருக்கிறதென்று நாங்களே ஒரு ஆளை வைத்து நகர்த்தியிருந்தோம். செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார். டேப்பைப் பிரித்தால் வெள்ளைப் பொடி கொட்டியது, மேலுறை உருகிக் கருகியிருந்தது. மேலே கூரையின் பனங்கை (பனைமரச் சட்டம்), அதற்கு ஒரு சாண் தூரம்தான். லைன்மேன் அதைக் காட்டியபோது அம்மா எதுவும் பேசவில்லை, உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்தார்.

இப்போது இஸ்திரிப்பெட்டி போட்டால் 223 லிருந்து 219. ராத்திரி ஏழரைக்கு 208 நிற்கிறது, அது ஊர்ப் பிரச்சினை, எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். முந்தாநாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன கரண்ட் ஒன்றரைக்குத்தான் வந்தது. இன்வெர்ட்டர் கத்தவே இல்லை.

கடைக்காரரிடமும் சொன்னேன். ‘அப்படிங்களா சார், பரவால்லையே’ என்றார்.

வெயில்காசு

சரி, லித்தியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். என் பேட்டரிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன். அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரிதானே?

முன்னாள் ஒயர்மேன்

பார்க்கத்தான் அப்படி. அது ஏ.சி.க்குள் இருக்கும் தூசியையும் உலோகக் கம்பிகளையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். கேனில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரையே வாங்குங்கள். ஏ.சி. தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் தம்பி.