மனோரா எந்த வீழ்ச்சியின் நினைவுச்சின்னம்?

கேள்வி:
பாக் நீரிணையை ஒட்டிச் சரபேந்திரராஜன்பட்டினத்தில் நிற்கும் மனோரா கோபுரத்தை, வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதன் நினைவாகத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பினார் என்றே பல கட்டுரைகளில் படிக்கிறேன். ஆனால் அங்குள்ள ஆங்கிலக் கல்வெட்டு 1814 என்ற ஆண்டோடு முடிகிறது. வாட்டர்லூப் போர் நடந்ததோ 1815 ஜூன் 18 அன்று. நடக்காத போருக்கு நினைவுச்சின்னம் எப்படி வரும்? கட்டட அமைப்பை அறிந்தவர்களும் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
உங்கள் ஐயம் சரியானதே. கல்வெட்டில் வாட்டர்லூ என்ற பெயரே இல்லை. பிரிட்டிஷ் படைகளின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர, பிரிட்டிஷ் அரசின் நண்பரும் கூட்டாளியுமான மன்னர் இத்தூணை நிறுவினார் என்பதே அதன் சாரம். 1813 அக்டோபரில் லைப்சிக்கில் தோற்ற நெப்போலியன், 1814 ஏப்ரலில் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல் அச்செய்தியைச் சென்னையில் சேர்க்கச் சில மாதங்கள் பிடித்தாலும், கணக்கு அதே ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இது முதல் வீழ்ச்சிக்கான சின்னம் என்பதே என் முடிபு. எல்பாவிலிருந்து அவர் தப்பி வருவார் என்று அப்போது யார் கண்டார்கள்!

மறுமொழி 2:
அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய அறுகோணக் கோபுரம் இது. எட்டு அடுக்குகள், உயரம் ஏறத்தாழ 75 அடி. அடுக்குக்கு அடுக்கு வளைவுச் சாளரங்களும் வெளியே நீண்ட விளிம்புகளும் இருப்பதால், தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த கிண்ணங்களைப் போலத் தோன்றும். உள்ளே சுழன்றேறும் படிக்கட்டு. சுற்றிலும் மதிலும் அகழியும். கல்வெட்டு இதைத் தூண் என்று சொன்னாலும், ஊரார் கோட்டை என்பதற்கு அந்த மதிலே காரணம் என்று நினைக்கிறேன். 2004 சுனாமியில் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. பெயரும் வடிவத்தைத்தான் சொல்கிறது: கோபுரத்தைக் குறிக்கும் மினார் என்ற சொல்லே மனோரா ஆயிற்று.

மறுமொழி 3:
'நண்பரும் கூட்டாளியும்' என்ற தொடரைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட, சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ஓய்வூதியமும்தான். படை நடத்தும் உரிமையை இழந்த மன்னர், பிறர் பெற்ற வெற்றிக்குத் தம் கடற்கரையில் எட்டு அடுக்கில் கோபுரம் எழுப்பி, அதில் தம்மைக் கூட்டாளி என்று பொறித்துக்கொண்டார்.