காதல் கவிதைகள் தேடுகிறோம் – கோத்தகிரியிலிருந்து

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் நாங்கள் ஏழு பெண்கள் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிக்கிறோம். மூன்று பேர் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்.

முதலில் குறுந்தொகையின் குறிஞ்சிப் பாடல்களை எடுத்தோம். தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். எழுதியவர்களோ பெரும்பாலும் ஆண்கள். "அவளே எழுதினா எப்படி இருக்கும்?" என்று ஒரு அக்கா கேட்டார். சங்ககாலப் பெண் புலவர் வெள்ளிவீதியாரைப் படித்தோம். பிறகு இக்காலப் பெண் கவிஞர்கள்: 2000-இல் வந்த சல்மாவின் முதல் தொகுப்பு, 2002-இல் வந்த குட்டி ரேவதியின் 'முலைகள்'. அக்கா வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாப்பது வருசம் ஒருத்தரோட ஆசையா வாழ்ந்ததை யாரும் எழுதலையா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குத்தான் உங்கள் உதவி. பெண் தன் காதலை மகிழ்ச்சியோடு சொல்லும் கவிதைகள், அதிலும் நடுவயது தாண்டிய காதல், இருந்தால் சொல்லுங்கள். திருநங்கையர், இலங்கை மலையகப் பெண்கள் எழுதியவையும் வேண்டும். ஆண்கள் எழுதியதும் சரிதான், அவளை வெறும் பூவாகவும் நிலவாகவும் ஆக்காமல் இருந்தால். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். சின்னக் கவிதைகள் என்றால் நல்லது. தொகுப்பின் பெயரும் பதிப்பகமும் போதும், வாங்கிக்கொள்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம்.