வெண்டை விதை ஊன்றினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காரைக்குடியிலிருந்து:

ஆடி பிறந்தா எங்க வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே, கிணத்தடியில வெண்டை ஊன்றிடுவோம். நம்ம பக்கத்துச் செம்மண் உங்களுக்கே தெரியும். ரெண்டு நாள் வெயில் அடிச்சா மேல்மண் ஓடு மாதிரி இறுகிடும். வெண்டைக்கு ஆணிவேர், நேரா கீழே இறங்கணும். அதனால முழங்கை ஆழத்துக்குக் கொத்தி, சரளைக்கல்லைப் பொறுக்கிப் போட்டுட்டு, மக்கின சாண எருவைக் கலந்து விட்டாத்தான் செடி எழும்பும். கத்தரி, மிளகாய் மாதிரி நாற்று விட்டுப் பிடுங்கி நடுறது இதுக்கு ஆகாது. ஆணிவேர் அறுந்தா செடி தேறுறது கஷ்டம். விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில மிதக்குறதைக் கழிச்சிட்டு, குழிக்கு மூணு விதை. செடிக்குச் செடி 30 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. முளைச்ச பிறகு திடமானதை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. பிடுங்காதீங்க, பக்கத்து வேரும் சேர்ந்து ஆடும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு ஆதங்கம் விதை எடுக்குறதுலதான். பல வீட்டுல விதைக்குன்னு விடுறது எதை? பறிக்க மறந்து, இலை மறைவுல முத்திப்போன காயை. அதுவும் செடி ஓய்ஞ்சுபோன கடைசிக் காலத்துக் காய். நல்ல காயையெல்லாம் தின்னுட்டு, கழிசலை அடுத்த பட்டத்துக்கு வச்சா செடி எப்படி வரும்? நான் பூக்க ஆரம்பிக்கும்போதே ரெண்டு செடியைப் பார்த்து வச்சுக்குவேன்: கணு நெருக்கமா, இலையில மஞ்சள் இல்லாம, சீக்கிரம் பூத்தது. அதுல ஒரு காயும் சமையலுக்குப் பறிக்கிறதில்லை. எல்லாச் செடியிலயும் ஒவ்வொரு காயை முத்த விடலாமேன்னு கேக்கலாம். ஒரு காய் முத்தினாலே அந்தச் செடி புதுசாப் பூக்குறது குறைஞ்சிடும். அதனால செடியாவே ஒதுக்கிடுறது மேல்.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி. கூடவே ஒண்ணு. பாக்கெட்டுல 'எஃப் 1'னு போட்டிருந்தா அது வீரிய ஒட்டு ரகம். அதுல விதை எடுத்துப் புண்ணியமில்லை. எங்க பக்கத்து வீட்டுல அப்படி எடுத்து ஊன்றினாங்க. ஒரு செடி இடுப்பளவு, ஒண்ணு ஆள் உயரம், காய் ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை.

எங்க வீட்டுல பெரிய தொல்லை மஞ்சள் தேமல். இலை நரம்பு வலை பின்னினாப்புல மஞ்சளாகும், அப்புறம் காயே வெளுத்து வரும். வைரஸ் நோய், பரப்புறது வெள்ளை ஈ. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. எங்கப்பச்சி கண்ணுல ஒரு இலை பட்டாப் போதும், செடியை வேரோட பிடுங்கி எரிச்சிடுவாங்க. "காய் ரெண்டு பறிச்சுட்டுப் பிடுங்கலாமே"ன்னு ஆத்தா கெஞ்சினாலும் கேக்க மாட்டாங்க. அப்பச்சி பக்கம்தான் நியாயம். அந்த ரெண்டு காய்க்கு ஆசைப்பட்டா பாத்தியே போயிடும். இப்ப அர்கா அனாமிகா போடுறோம், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ரகம். நோய் அறவே வராதுன்னு சொல்ல மாட்டேன், மத்ததுக்கு இது தேவலை. ஒட்டு ரகம் இல்லைங்கிறதால விதையும் எடுத்துக்கலாம். இலைக்கு அடியில படுற மாதிரி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசல்ல கலந்து தெளிக்கிறோம், சாயங்காலம் மட்டும்.

கானாடுகாத்தானிலிருந்து:

நோயெல்லாம் அப்புறம். எங்களுக்கு முதல் எதிரி மயில்! முளை ரெண்டு இலை விட்டதும் வரிசையா வந்து கொத்திட்டுப் போயிடும். கருவேல முள்ளை வெட்டிப் பாத்தி மேல பரப்பி வச்சோம், செடி சாண் உயரம் வர்ற வரைக்கும் அசைக்கலை. தப்பிச்சது.

இன்னொரு சண்டை அடுப்படியில. அரிசி கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்தணும்னு நான். மண்டிக்கு (கழுநீர்ல வைக்கிற நம்ம பக்கத்துப் புளிக்குழம்பு) வேணும்னு வீட்டுல. வெண்டைக்காய் மண்டிக்கு அந்த ரெண்டாவது கழுநீர் இல்லாம ருசி ஏது? இப்ப முதல் தண்ணி செடிக்கு, ரெண்டாவது சட்டிக்கு. காயைப் பூ விழுந்த அஞ்சாறு நாள்ல பறிச்சிடணும், நுனியை ஒடிச்சா 'டக்'குனு முறியணும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலைன்னா நார் ஏறிடும். சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க.

பள்ளத்தூரிலிருந்து:

சிவப்பு வெண்டை போட்டுப் பார்த்தேன். செடியில பார்க்க அவ்வளவு அழகு, வதக்கினா பச்சையாயிடுது, பிள்ளைகளுக்கு ஏமாற்றம். பக்கத்துலயே பச்சையும் நிக்குது. ரெண்டுலயும் விதை எடுத்தா கலந்துடுமா ஆச்சி?

காரைக்குடியிலிருந்து:

கலக்கும் தம்பி. வெண்டை பெரும்பாலும் தன் பூவுலயே சூல் பிடிக்கும், ஆனா தேனீ வந்தா கொஞ்சம் மாறிப் போகும். மறுநாள் விரியப் போற மொட்டைச் சாயங்காலமே மெல்லிய துணிப் பையில மூடி, வாயை நூலால கட்டிடுங்க. பூ ஒரே நாள்தான், வாடினதும் பையை எடுத்துட்டு அந்தக் காம்புல அதே நூலைக் கட்டி அடையாளம் வச்சுக்கலாம். காய் பழுப்பாகி விளிம்பு வெடிக்க ஆரம்பிக்கும்போது அறுக்கணும். மழை வர்ற மாதிரி இருந்தா காத்திருக்காதீங்க, ஐப்பசி ஈரத்துல விதையில பூஞ்சை பூத்துடும். உதிர்த்து நிழல்ல காயவச்சு, சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான டப்பாவுல வைங்க. மாசியில ஒரு ஈடு போடலாம்ல, அப்ப பத்து விதையை ஈரத்துணியில முடிஞ்சு பாருங்க. ஏழுக்குக் குறைவா முளைச்சா குழிக்கு ஒரு விதை கூட்டிப் போடணும்.