.22 தோட்டாவின் வேகம்: குரோனோகிராஃப் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஐம்பது மீட்டர்:
போட்டிப் பயிற்சிக்காக ஒரே பெட்டியிலிருந்து எடுத்த .22 தோட்டாக்களை, 30 செ.மீ. இடைவெளியில் இரு ஒளி சென்சார்கள் கொண்ட மடக்கு வகைக் குரோனோகிராஃப் (குண்டு ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும் கருவி) வழியாகச் சுட்டுப் பார்த்தேன். வெட்டவெளியில் ஐந்து முறை சுட்டதில் சராசரி வினாடிக்கு 324 மீட்டர். மறுவாரம் டியூப்லைட் போட்ட கூரைக்கூடத்தில், கருவியைக் குழல்முனைக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஆறு முறை சுட்டேன். ஐந்தின் சராசரி 320 வந்தது. ஒன்று மட்டும் 410 என்று காட்டியது. இவற்றில் எதை நம்புவது?

குழல்வாய்:
410 நிச்சயமாகக் குண்டின் வேகம் அன்று. ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 என்பதால், குழலிலிருந்து வெடித்துக் கிளம்பும் வாயுவின் அதிர்வலை உங்கள் குண்டை முந்திக்கொண்டு செல்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் அந்த அலையையே சென்சார் குண்டு என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். கருவியை மூன்று, நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள். நடுவே துளையிட்ட பலகை ஒன்றை நிறுத்தினால் இன்னும் நல்லது. டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை மினுக்குவதால், குண்டின் நிழலுக்காகக் காத்திருக்கும் சென்சார் ஏமாந்துபோகும். பழைய குண்டுபல்பு போதும்.

அளவுகோல்:
மேலே சொன்னது சரியே. ஆனால் 324, 320 ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வகைத் தோட்டாவில் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 3.5 என்று வைத்துக்கொண்டால், ஐந்து முறை சுட்டுக் கண்ட சராசரியே ஏறத்தாழ 4 மீட்டர் இப்படியோ அப்படியோ இருக்கலாம்; ஆகவே அந்த இரண்டு எண்களும் வேறு வேறு என்று சொல்லவே இப்போதைக்கு இடமில்லை. இருபது முறை சுட்டால் இந்த ஐயம் 1.6 அளவுக்குக் குறையும்.

சராசரி எடுத்தாலும் தீராத பிழைகள் வேறு. மடக்குக் கருவியின் கீல் முழுதாக விரியாமல் சென்சார் இடைவெளி 2 மி.மீ. குறைந்தால், ஒவ்வொரு அளவும் 2 மீட்டர் கூடுதலாகவே வரும். குண்டின் பாதைக்குக் கருவி 5 பாகை சாய்ந்திருந்தால், 1.2 மீட்டர் குறைவாக வரும். சுடுவதற்கு முன் எஃகு அளவுகோலால் இடைவெளியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; பலர் இதைச் செய்வதே இல்லை.

ஐம்பது மீட்டர்:
கீல் உண்மையிலேயே முழுதாக விரியவில்லை. இடைவெளி 299 மி.மீ.தான் இருந்தது. அதைச் சரிசெய்து, விளக்கை மாற்றி, 3.5 மீட்டர் தள்ளி வைத்து, பலகையும் நிறுத்தி, இருபது முறை சுட்டேன். சராசரி 321, திட்ட விலக்கம் 3.4, 410 மீண்டும் வரவில்லை. இதையே குழல்முனை வேகம் என்று எழுதிக்கொள்ளலாமா?

குழல்வாய்:
இல்லை. அது இரு சென்சார்களுக்கும் நடுப்புள்ளியில் உள்ள வேகம். இந்தக் குண்டு தொடக்கத்தில் மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் வேகம் இழப்பதால், ஏறத்தாழ 1.8 கூட்டி 323 என்று எழுதுங்கள். அன்றைய வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.