நரமாமிசம்: காலனியக் கட்டுக்கதையா, உண்மை வழக்கமா?

செங்காந்தள்:
பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களைப் பற்றி யார் எழுதினாலும் "மனிதரைத் தின்றவர்கள்" என்றே தொடங்குகிறார்கள். எனக்கு இதில் ஐயம் உண்டு. நரமாமிசம் தின்னும் கரீபியத் தீவினரை அடிமையாக்கலாம் என்று 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா ஆணையிட்டார். பிறகென்ன, அடிமை தேவைப்பட்ட தீவிலெல்லாம் நரமாமிசம் தின்பவர்கள் முளைத்துவிட்டார்கள்! மானிடவியலாளர் வில்லியம் அரென்ஸ் 1979இல் கேட்டதையே நானும் கேட்கிறேன்: ஒரு சமூகம் இதை வழக்கமாகச் செய்ததை நேரில் கண்டவர் யார்?

பொன்னிவளவன்:
கரீபியத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஃபோரேக்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இங்கே சாட்சி சொல்வது குரு எனப்படும் மூளைநோய். முதலில் நடை தள்ளாடும். பிறகு உடல் நடுங்கும், உட்காரவும் முடியாது, கடைசியில் சோறு தண்ணீர் விழுங்க முடியாமல் பெரும்பாலும் ஓராண்டுக்குள் சாவு. 1957இல் மருத்துவர்கள் கஜ்டுசெக்கும் ஜிகாசும் இதைப் பதிவு செய்தபோது, மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்தான். இறந்த உறவினரின் உடலை அறுத்துச் சமைத்தவர்கள் பெண்கள். மூளையைத் தின்றவர்களும் அவர்களும் கூட இருந்த குழந்தைகளும்தான். ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆக, தின்றவர்களையே நோய் தொற்றியது.

செங்காந்தள்:
தின்றால்தான் தொற்றுமா ஐயா? உடலை அறுக்கும்போது கைப்புண் வழியாகவும் தொற்றலாமே. கஜ்டுசெக்கே அப்படிக் கருதியவர்தான்.

பொன்னிவளவன்:
கைக்குழந்தைகளா கத்தி பிடித்தார்கள்?

செங்காந்தள்:
தாய் அதே கையால்தானே பிள்ளையைத் தூக்கினாள், கண்ணைத் துடைத்தாள்?

ஓலைச்சுவடி:
நடுவே ஒரு செய்தி. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், மனித மண்டையோட்டைக் காய்ச்சி வடித்த சொட்டு மருந்தை விரும்பிப் பயன்படுத்தியவர். ஐரோப்பிய மருந்துக் கடைகளில் எகிப்தியப் பிணப்பொடி நூற்றாண்டுக்கணக்கில் விற்பனையானது. லண்டன்காரர் விழுங்கினால் வைத்தியம், மலைவாசி தின்றால் காட்டுமிராண்டித்தனம்!

பொன்னிவளவன்:
நல்ல குத்தல்தான். ஆனால் அரசர் குடித்தார் என்பதால் ஃபோரே தின்னவில்லை என்று ஆகிவிடாது. செங்காந்தள் அவர்களே, கைப்புண் வாதத்தைவிட வலுவான ஒன்று இருக்கிறது: ஃபோரே மக்களின் சொந்த வாக்குமூலம். 1960களின் தொடக்கத்தில் மானிடவியலாளர்கள் ராபர்ட் கிளாஸும் ஷெர்லி லிண்டன்பாமும் அங்கேயே தங்கி, எந்த உறவுக்கு உடலின் எந்தப் பங்கு என்பது வரை கேட்டு எழுதினார்கள். புழு அரிப்பதைவிடப் பாசமுள்ளவர்கள் உண்பதே மேல் என்பது அம்மக்கள் சொன்ன காரணம். அதை ஆவணமாக ஏற்காமல் "அவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்" என்று நாம் வக்காலத்து வாங்குவதும் ஒருவகை மேட்டிமைதான்.

செங்காந்தள்:
துக்கச் சடங்கு என்று எழுதுங்கள், மறுக்க மாட்டேன். "மனிதரைத் தின்றவர்கள்" என்று தலைப்பிட்டால் வேட்டையாடித் தின்றதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

பொன்னிவளவன்:
தலைப்பை மாற்றுங்கள், தடையில்லை. தின்றதை மட்டும் நீக்காதீர்கள். 1960 வாக்கில் வழக்கம் நின்றது. அதன் பிறகு பிறந்த எவருக்கும் குரு வரவில்லை.